முகப்பும் பின்கட்டும்: தேர்தலுக்கு முன் செட்டிநாட்டில்

2024 ஏப்ரல் 8, திங்கள். காரைக்குடி

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் என்று ஒரு பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். நான் இந்த முறை வந்திருப்பது ஓட்டு பார்க்க. வரும் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. பக்கத்து ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நிற்கிறார். அதே பெயரில் வேறு சிலரும் நிற்கிறார்கள். தொலைக்காட்சி வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. சிவகங்கைத் தொகுதிக்கு யாரும் வரவில்லை. முடிவு தெரிந்த ஊர் என்று நினைக்கிறார்கள். அதனாலேயே எனக்கு இங்கே வரத் தோன்றியது.

பெயர் சிவகங்கை என்றாலும் செட்டிநாட்டின் பெரும்பகுதி இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகள் சிவகங்கை மாவட்டம். திருமயமும் ஆலங்குடியும் புதுக்கோட்டை மாவட்டம். 2008 தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. அதைத் திருச்சி, கரூர், ராமநாதபுரம், சிவகங்கை என நான்கு பக்கமும் பங்கு போட்டுவிட்டார்கள். ஆலங்குடிக்காரருக்கு ஆட்சியர் புதுக்கோட்டையில் இருக்கிறார், எம்.பி. சிவகங்கைக்கு உரியவர். எந்த மனுவை எந்த ஊரில் கொடுப்பது என்பதே அவருக்கு ஒரு தனிப் படிப்பு.

வாக்காளர்கள் பதினாறு லட்சத்துக்கும் மேல். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்து தி.மு.க. கூட்டணியின் கையில் இருக்கின்றன. அந்த ஐவரில் பெரியகருப்பன், ரகுபதி, மெய்யநாதன் மூவரும் அமைச்சர்கள். சிவகங்கை மட்டும் அ.தி.மு.க.வின் பி.ஆர். செந்தில்நாதனிடம் இருக்கிறது. மக்களவைக்கு இப்போதைய எம்.பி. கார்த்தி சிதம்பரம் மீண்டும் கை சின்னத்தில் நிற்கிறார். எதிரே அ.தி.மு.க.வின் சேவியர்தாஸ், தாமரைச் சின்னத்தில் தேவநாதன் யாதவ், நாம் தமிழர் கட்சியின் எழிலரசி. எழிலரசியின் கட்சிக்குப் பழைய விவசாயி சின்னம் கிடைக்காமல் இந்த முறை மைக் கிடைத்திருக்கிறது.

நிலையத்திலிருந்து ஏறிய ஆட்டோவில் ஓட்டுநர், "வீடு பார்க்கவா, கோயில் பார்க்கவா?" என்று கேட்டார். தேர்தல் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அதில் பார்க்க என்ன இருக்கிறது ஐயா? வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் கேள்வி" என்றார்.

மாலையில் ஐந்து விளக்குப் பக்கம் போனேன். காரைக்குடியில் அரசியல் கூட்டம் என்றால் அங்கேதான். இரண்டு பிரசார வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நின்று, இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருக்களின் புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. அந்தப் பள்ளத்தைப் பற்றி இரண்டு வண்டிகளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய். ஆத்தங்குடி

தெலுங்கு வருடப் பிறப்பு. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் கொட்டகைகளுக்கு விடுமுறை இல்லை.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி எழுதாத பயணி கிடையாது, ஆனாலும் வேலையை ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது. சதுரமாக வெட்டிய கண்ணாடி ஒன்றைத் தரையில் வைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் ஒரு நிறம் இன்னொரு நிறத்தைத் தொட்டு நிற்கிறது, கலப்பதில்லை. அந்த நிதானத்தைக் கற்க வருடங்கள் ஆகும் என்றார் ஒருவர். பிறகு காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, மேலே ஈரச் சாந்தை வைத்து அமுக்கி மட்டம் செய்கிறார்கள். ஒரு நாள் விட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்கிறது. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கல்லின் முகம் கீழே பார்த்தபடிதான் உருவாகிறது. போட்டவர் அதை முடிவில்தான் பார்க்கிறார்.

துண்டுக்கூலி. எத்தனை கல்லோ அத்தனைக்குக் காசு. உடைந்தது கணக்கில் வராது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் நாற்பது வயதுக்குமேல் இடுப்பு கேட்பதில்லை. சிமெண்டு கையை அரிக்கிறது. அந்தச் சிமெண்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று கொட்டகை உரிமையாளர் அலுத்துக்கொண்டார். கடைகளில் கிடைக்கும் ஆலை டைல்ஸ் வந்தபோது இந்தத் தொழில் படுத்துப்போனது. பிறகு பெருநகரக் கட்டட வடிவமைப்பாளர்களும் பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றுகிறவர்களும் தேடி வந்ததால் எழுந்து உட்கார்ந்தது. ஆர்டர் இருக்கிறது, உட்கார்ந்து செய்ய இளைஞர்கள் இல்லை. பையன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள்.

அச்சுப் பிடிக்கும் பெரியவர் ஒருவர் மதியம் வீட்டுக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தார். இரண்டு அறை வீடு. தரையில் ஒரு கல்லைப் போல இன்னொரு கல் இல்லை. ஆர்டரில் மிஞ்சியது, ஓரம் நைந்தது, நிறம் கொஞ்சம் தவறியது என்று முப்பது வருடமாகச் சேர்த்துச் சேர்த்துப் பதித்தது. எந்த மாளிகையிலும் இப்படி ஒரு தரையை நான் கண்டதில்லை. "இது எந்த வீட்டுக்குப் போட்டது, அது எந்த ஓட்டலுக்கு என்று எனக்குத் தெரியும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

யாருக்கு ஓட்டு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நான் கழகத்துக்காரன் தம்பி. மேலே இருந்து கைக்குப் போடச் சொல்கிறார்கள், போடுகிறேன். நாளைக்கே வேறு சின்னத்துக்குப் போடச் சொன்னால் அதற்கும் போடுவேன். வேட்பாளர் முகத்தை நான் பார்த்ததே இல்லை." இதில் வருத்தமோ கேலியோ இல்லை. ஒழுங்காகச் சந்தா கட்டுகிற ஒரு சங்க உறுப்பினரின் தொனி.

ஏப்ரல் 10, புதன். சங்கராபுரம்

காரைக்குடியின் எல்லை எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நகராட்சித் தெரு ஒன்றில் நடந்துகொண்டே இருந்தால் எங்கோ ஓரிடத்தில் சங்கராபுரம் ஊராட்சி தொடங்கிவிடுகிறது. பெயருக்குத்தான் கிராமம். கொத்தனார், சென்ட்ரிங் வேலை செய்கிறவர், பெயிண்டர், வேன் ஓட்டுநர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், நகரத்து வீடுகளில் பாத்திரம் துலக்குகிற அக்கா என்று காரைக்குடியை நடத்துகிறவர்களில் பாதிப் பேர் இந்த வளையத்தில் இருக்கிறார்கள். இங்கே வாடகை குறைவு. காலையில் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் உள்ளே போய் இரவில் திரும்புகிறார்கள்.

கடந்த மாதம் காரைக்குடியை மாநகராட்சி ஆக்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலையோடு சேர்ந்து வந்த அறிவிப்பு. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் போன்ற ஊராட்சிகளையும் உள்ளே இழுத்துக்கொள்வது திட்டம். நகரத்துக் கடைக்காரர்களுக்கு மகிழ்ச்சி. மாநகராட்சி என்றால் நிதி வரும், சாலை வரும், ஊரின் மதிப்பு கூடும்.

ஊருணிக் கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது பேர். இரண்டு மூன்று ஆண்களைத் தவிர எல்லாரும் பெண்கள். பணித்தளப் பொறுப்பாளர் பெண் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்துச் செயலியில் ஏற்றவேண்டும். சிக்னல் கிடைக்காத நாளில் எல்லாரையும் வெயிலில் நிறுத்திவைத்து, போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஜனவரி முதல் ஆதார் இணைத்த கணக்கில்தான் கூலி ஏறும். கைரேகை தேய்ந்துபோன பாட்டி ஒருவர் வங்கிக்கு நடந்த கதையைச் சொன்னார். அதில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

தமிழ்நாட்டுக்கு நாள் கூலி இந்த மாதம் முதல் தேதியிலிருந்து 294 ரூபாயிலிருந்து 319 ஆகியிருக்கிறது. வெட்டிய மண்ணை அளந்து கூலி போடுவதால் முழுத் தொகை கைக்கு வருவது அபூர்வம் என்றார்கள். கட்சிகள் இதற்கு ஒரு ஏலமே நடத்துகின்றன. தி.மு.க. தேர்தல் அறிக்கை 150 நாள், 400 ரூபாய் என்கிறது. ஐந்து நாள் முன்னால் வந்த காங்கிரஸ் அறிக்கையும் 400 ரூபாய் என்கிறது. அ.தி.மு.க. 150 நாள், 450 ரூபாய்.

"எல்லாம் சரி அண்ணே" என்று ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "நாங்கள் மாநகராட்சி ஆகிவிட்டால் எங்களுக்கு இந்த வேலையே கிடையாதாமே? இல்லாத வேலைக்கு நானூறு கொடுத்தால் என்ன, நாலாயிரம் கொடுத்தால் என்ன?"

சட்டப்படி அவர் கேட்டது சரி. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்குத்தான். எல்லைக்கோட்டை வரைபடத்தில் நகர்த்திய அன்று இந்தக் கரையில் நிற்கிறவர்களின் வேலை அட்டை செல்லாது. வீட்டுவரியும் தண்ணீர்க் கட்டணமும் கூடும். பதிலுக்குச் சாக்கடை வரும் என்கிறார்கள். நகராட்சியிலேயே அந்தச் சாக்கடை வந்த அழகைத் திங்கள்கிழமை பார்த்தேனே.

இதை வேட்பாளர்களிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டார்களாம். ஒரு வண்டியில் வந்தவர் அது மாநில அரசின் விஷயம் என்றார். இன்னொரு வண்டியில் வந்தவர் நாங்கள் வந்தால் தடுப்போம் என்றார். மாநில விஷயத்தை டெல்லிக்குப் போய் எப்படித் தடுப்பார் என்று சொல்லவில்லை. மூன்றாவது வண்டி நிற்காமல் போய்விட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை கடந்த செப்டம்பரிலிருந்து பலருக்கு வருகிறது. அது மூன்றாயிரம் ஆகும் என்று அ.தி.மு.க., ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று காங்கிரஸ். தொகையைப் பற்றி அவர்கள் சிரித்துக்கொண்டே பேசினார்கள். அட்டையைப் பற்றிப் பேசும்போது யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு இது புதிராகவே இருக்கிறது. எம்.பி. தேர்தலில் நூறு நாள் வேலையைவிட நேரடியான ஒன்றிய அரசு விஷயம் வேறு எது? ஆனால் அது இல்லாமல் போவது ஒரு மாநில அரசாணையால். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெண் எந்தப் பொத்தானை அழுத்தினால் யாருக்குக் கேட்கும்?

ஏப்ரல் 11, வியாழன். கானாடுகாத்தான்

ரம்ஜான். காரைக்குடியில் காலையிலேயே நண்பர் வீட்டில் பிரியாணி. அதற்குப்பிறகு வெயிலில் அலைய வேண்டாம் என்று நண்பரின் தாயார் எவ்வளவோ தடுத்தார். கேட்காமல் போனேன்.

ப. சிதம்பரம் 1945-இல் பிறந்த ஊர் இது. செட்டிநாட்டு ஊர்கள் சில 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் வருவார்கள். சாவி வைத்திருப்பவர் பின்தெருவில் குடியிருக்கிறார்.

அப்படி ஒருவர் வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டை, திறந்து காட்டினார். ஓடு மாற்ற வேண்டிய இடம், கரையான் ஏறிய உத்தரம் என்று அவர் காட்டியதெல்லாம் வேலை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தேக்கு. முகப்புத் தெருவில் ஓட்டு கேட்டு யாரும் அதிக நேரம் நிற்பதில்லை, பின்தெருவில்தான் நிற்கிறார்கள் என்றார். காரணம் எளிது. நாட்டின் பெயரே செட்டிநாடு என்றாலும் இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களான நகரத்தாரின் ஓட்டு இங்கே சிறுபான்மை. வீட்டைக் கட்டியவர்களின் பெயரால் ஊர் அறியப்படுகிறது, எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது ஓடு மாற்றுகிறவர்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி. புதுவயல், கண்டனூர்

புதுவயல் அரிசி ஆலைகளின் ஊர். ஊருக்குள் நுழையும்போதே நெல் அவிக்கும் வாசனை மூக்கில் ஏறுகிறது. உமித்தூள் சட்டையில் படிகிறது. மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஆலைக்குள்ளேயே தங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஓட்டு இங்கே இல்லை. ஒடிசாவில் வாக்குப்பதிவு மே 13-இல்தான் தொடங்குகிறது. போகப்போவதில்லை என்று கையை ஆட்டினான் ஒருவன். போய்வர ஆகும் செலவும், இழக்கிற கூலியும் அவனுக்கு விரல்நுனியில் இருக்கின்றன. இந்தத் தொகுதியின் தொழிலாளி வர்க்கத்தில் ஒரு பகுதி எந்தப் பட்டியலிலும் வராது என்பதைக் குறித்துக்கொண்டேன்.

கண்டனூர் சிதம்பரம் குடும்பத்தின் ஊர். இந்தத் தொகுதியைக் காங்கிரஸ் கோட்டை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஊருணிப் படியில் உட்கார்ந்து பழைய முடிவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

1967, 1971 இரண்டிலும் தி.மு.க.வின் தா. கிருட்டிணன். 1977-இல் அ.தி.மு.க. 1980-இல் காங்கிரஸின் ஆர்.வி. சுவாமிநாதன், துணைக்குத் தி.மு.க. 1984, 1989, 1991 மூன்றிலும் ப. சிதம்பரம், துணைக்கு அ.தி.மு.க. 1996-இல் மூப்பனாரோடு கட்சியை விட்டு வந்து, தமிழ் மாநிலக் காங்கிரஸின் (த.மா.கா.) சைக்கிள் சின்னத்தில், இம்முறை தி.மு.க.வோடு நின்று ஜெயித்தார், 1998-இலும் அப்படியே. 1999-இல் த.மா.கா. இரண்டு கழகங்களையும் விட்டு நின்றது. சிதம்பரத்துக்கு மூன்றாம் இடம். ஜெயித்தவர் அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரஸின் சுதர்சன நாச்சியப்பன். 2004-இல் சிதம்பரம் காங்கிரஸ், தி.மு.க. கூட்டணி, வெற்றி. 2009-இல் அதே கூட்டணி, ஆனால் அ.தி.மு.க.வின் ராஜ கண்ணப்பனை வெறும் 3,354 ஓட்டில்தான் தாண்ட முடிந்தது. அந்த ராஜ கண்ணப்பன் இன்று தி.மு.க. அமைச்சர்.

2014-இல் காங்கிரஸ் தனியாக நின்றது. கார்த்தி சிதம்பரத்துக்கு நான்காம் இடம், டெபாசிட் போனது. 2019-இல் அதே ஆள், அதே சின்னம், கூடவே தி.மு.க. 3,32,244 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி.

தாளைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 1980-க்குப் பிறகு ஏதாவது ஒரு கழகம் கூட இல்லாமல் காங்கிரஸோ த.மா.கா.வோ இந்தத் தொகுதியில் ஜெயித்ததே இல்லை. ஊரும் பெயரும் குடும்பமும் சேர்ந்து கொண்டுவருவது நான்காம் இடம். மீதியை ஆத்தங்குடிப் பெரியவர்கள் கொண்டுவருகிறார்கள். வேட்பாளரின் முகத்தைப் பார்க்காமலே கொண்டுவருகிறார்கள். பத்திரமான தொகுதி என்றால் அது கூட்டணிக்குப் பத்திரம். அதனால் வேட்பாளர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றியச் செயலாளர்களை. சங்கராபுரத்து அக்கா மண்வெட்டியை ஊன்றிக் கேட்ட கேள்விக்கு ஏன் பதில் வரவில்லை என்பது எனக்கு இங்கே உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. மாநகராட்சி அறிவித்தது கூட்டணியின் மூத்த கட்சி. இளைய கட்சி அதைப் பற்றி வாய் திறக்குமா?

எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் இதே நோய்தான். போன தடவை ஒரே அணியில் இருந்த அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இப்போது தனித்தனி. ஓட்டுகளைப் பிரித்து எண்ணிப் பார்ப்பதிலேயே அவர்களுக்குப் பொழுது போகிறது.

ஏப்ரல் 13, சனி. தேவகோட்டை

முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய டவுன் பஸ்ஸில் போனேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் டிக்கெட் வாங்கினேன். பஸ் நிறைய வேலைக்குப் போகிற பெண்கள். முன்பு ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு இப்போது மிச்சம் என்று பக்கத்து இருக்கைக்காரர் கணக்குச் சொன்னார். இந்தத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு இதைவிடப் பெரிய பிரசாரம் ஒலிபெருக்கியில் வரப்போவதில்லை.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. அங்கே சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர் 2006-க்குப் பிறகு ஓடவில்லை. வடத்தை யார் பிடிப்பது, நாட்டார்கள் எனப்படும் ஊர்த் தலைவர்களுக்குத் தனி மரியாதை உண்டா, பட்டியலினத்தவரும் சமமாக இழுக்கலாமா என்பது வழக்கு. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இந்த பிப்ரவரியில் வெள்ளோட்டம் விட்டார்கள். ஆனித் திருவிழாவில் உண்மையான தேர் ஓடவேண்டும். ஆனி வருவது தேர்தல் முடிவுக்குப் பிறகு. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். கூட்டணிக் கணக்கைப் பற்றி விடிய விடியப் பேசுகிற ஊர் இது. வடத்தைப் பற்றி வெளியாளிடம் பேசாது. எந்தக் கட்சியும் இந்த ஊரில் எந்தப் பக்கத்து ஓட்டையும் இழக்கத் தயாராக இல்லை என்பதால் எல்லாரும் நீதிமன்றத்தின் பின்னால் நின்றுகொள்கிறார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு. சிறாவயல்

சித்திரை முதல் நாள். அம்பேத்கர் பிறந்தநாளும் கூட. வழியில் இரண்டு இடங்களில் மாலை போட்ட படங்கள்.

சிறாவயலில் ஜீவா ஓர் ஆசிரமம் நடத்தினார். 1927-இல் செட்டிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் காந்தி அங்கே வந்து அவரைச் சந்தித்தார். பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பொதுவுடைமை இயக்கத்தின் பெரிய குரலான ஜீவானந்தம் செட்டிநாட்டு மண்ணில் கதரோடு இருந்தவர் என்பது இன்று மஞ்சுவிரட்டுக்காக மட்டும் இங்கே வருகிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்திலேயே சிறுகூடல்பட்டி, கண்ணதாசன் பிறந்த ஊர். அவரும் 1957-இல் திருக்கோட்டியூரில் தி.மு.க. சார்பில் நின்று தோற்றார். பாட்டு எழுதுகிறவர்களை இந்தப் பக்கம் கொண்டாடுவார்கள், ஓட்டு வேறு கணக்கு. 2019-இல் சிவகங்கையில் மக்கள் நீதி மய்யத்துக்காக நின்ற பாடலாசிரியர் சினேகனுக்கும் அது தெரிந்திருக்கும்.

வெயில் தாங்கவில்லை. மதியத்துக்குள் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 15, திங்கள். பர்மா காலனி, காரைக்குடி

1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமை ஆக்கியபோது, 1964 முதல் தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். தேக்கு அனுப்பி வீடு கட்டியவர்களின் பர்மா வேறு; இந்தக் காலனிக்காரர்களின் பர்மா வேறு. முன்னவர்கள் மூலதனத்தை இழந்தார்கள். பின்னவர்கள் கூலிக்குப் போன இடத்தை இழந்து, துணிமூட்டையோடு வந்து இறங்கினார்கள். பேரப்பிள்ளைகள் இப்போது டிரைவர், எலக்ட்ரீசியன், செல்போன் கடை.

ஆளுங்கட்சிக் கூட்டணியின் பூத் ஏஜென்ட் ஒருவர் பாகப் பட்டியலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி. நமக்கு, அவர்களுக்கு, ஊரில் இல்லை, இறந்துவிட்டார். ஊரில் இல்லை என்ற குறிதான் அதிகம். சென்னை, கோவை, திருப்பூர், வளைகுடா. திருப்பூர் ஆட்கள் வியாழன் இரவு பஸ் பிடித்து வந்து, ஓட்டுப் போட்டு, சனிக்கிழமைக்குள் திரும்ப வேண்டும். அவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டுவதுதான் இப்போது அவருடைய வேலை. மாநகராட்சி விஷயத்தைக் கேட்டேன். அவருடைய மனைவியே நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஊராட்சிப் பக்கத்து அம்மா வீட்டு முகவரியில் அவருக்கு அட்டை இருக்கிறது. "வீட்டில் தினமும் சண்டைதான்" என்றார். "ஆனால் அதற்கு இந்தத் தேர்தலில் பதில் சொல்ல முடியாது. உள்ளாட்சித் தேர்தல் வரட்டும்." எல்லாம் முடிந்தபிறகு வருகிற உள்ளாட்சித் தேர்தல் மாநகராட்சி வார்டுகளுக்குத்தான் நடக்கும் என்று நான் சொன்னதற்கு, "அதுவும் சரிதான்" என்று பட்டியலைப் புரட்டினார்.

என் கணிப்பைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு: கை ஜெயிக்கும். போன முறை அளவுக்கு வித்தியாசம் வராது. எதிரணி பிரிந்து நிற்பதால் பயப்படவும் தேவையில்லை. மைக் சின்னம் சில ஊர்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம் வாங்கும். இருபது முப்பது வயதுப் பையன்கள் பலர் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஏஜென்டின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஊருணிக் கரையில் வேலை செய்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்களாம். ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கவேண்டும். நடத்தை விதி இருப்பதால் இப்போது கூட்டம் நடப்பதில்லை. ஜூன் 4 எண்ணிக்கை முடிந்து, விதி விலகி, முதலில் வருகிற திங்களன்று சிவகங்கைக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். வேனுக்குத் தலைக்கு எவ்வளவு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.